கடிதத்தில் போட்ட துண்டு

எழுதுவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் விளம்பரமாகிவிடும். அதில் தமிழ்க் கடிதங்கள் பக்கத்தைத் திறந்து 'வீட்டுச் சொந்தக்காரருக்கு: தண்ணீர் ஒழுகல்' என்பதைத் தொட்டுப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம் என்று முக்கால்வாசிக் கடிதம் தயாராக வந்து நிற்கும். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி, "என்னிக்கிலேர்ந்து ஒழுகுது?" என்று உங்களைக் கேட்கும். அந்தக் குரல் என்னுடையது.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். அந்த எட்டாவதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனாலும் மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொடக்கூடிய கடையில், நாற்பது வருஷத்துக்கு மேலாக ஊருக்குக் கடிதம் எழுதிக்கொடுக்கிறேன். ஜாப் டைப்பிங். டைப்ரைட்டரில் ஆரம்பித்து, யார் உதவியும் இல்லாமல் கம்ப்யூட்டருக்கு மாறினேன். வக்கீல் குமாஸ்தாக்கள், பென்ஷன் வாங்குபவர்கள், சபாவில் கச்சேரி வாய்ப்புக் கேட்டு எழுதுபவர்கள், மாடி வீட்டுக்காரர் மேல் கோபத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அடித்துக்கொடுத்த மனுவுக்குப் பதில் வராமல் போகாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான் என்றாலும் அதில் பெரிய பொய் ஒன்றுமில்லை.

என் மருமகளுக்கு நாற்பத்து மூன்று வயது. அடையாறில் வளர்ந்தவள், பெரிய படிப்பு. இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டவள், பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடி வேலை தேடினாள். எத்தனையோ இடத்தில் கேட்டுப் பார்த்தாள். இடைவெளி விழுந்தவளைக் கூப்பிட்டுப் பேசக்கூட யாருக்கும் மனசில்லை. கடைசியில் பெருங்குடியில் ஒரு ஆபீஸில், எழுதும் மென்பொருள் செய்கிறவர்கள், ஆறு மாதம் பார்க்கிறோம் என்று சேர்த்துக்கொண்டார்கள். வேலை பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் ஆறாவது மாதக் கடைசியோடு சரி. "இது போச்சுன்னா இன்னொண்ணு கிடைக்காது அத்தை," என்று ஒருநாள் சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னாள். சாதாரணமாக இல்லை என்பது அவள் தட்டில் சோறு அப்படியே இருந்ததில் தெரிந்தது.

அவளுக்கு அங்கே கொடுத்த வேலை, இருபது கடித மாதிரிகளைச் சரிசெய்வது. டெம்ப்ளேட் என்கிறார்கள். விடுப்பு விண்ணப்பம், பள்ளிக்கூடத்துக்குக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம், அடுக்குமாடிச் சங்கத்துக்குக் கடிதம், துக்கம் விசாரித்து எழுதும் கடிதம், இந்த மாதிரி. எல்லோருக்கும் பொதுவான வரிகள் அப்படியே இருக்கும். ஆளுக்கு ஆள் மாறுகிற இடத்தில் மட்டும் தற்காலிகமாக எதையாவது எழுதி வைக்க வேண்டும். எழுதுகிறவர் அதை அழித்துவிட்டுத் தன் விஷயத்தைப் போட்டுக்கொள்வார். அந்தத் தற்காலிக எழுத்துக்கு ஆபீஸில் பிளேஸ்ஹோல்டர் என்று பெயர்.

அவள் விளக்கி முடித்ததும், "பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிப்பாங்களே, அதான?" என்றேன். சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் துண்டு என்றே பெயர்.

ஏற்கெனவே போட்டிருந்த துண்டுகளைக் காட்டினாள். 'விவரத்தை இங்கே உள்ளிடவும்.' 'காரணத்தை இங்கே உள்ளிடவும்.' யாரும் உள்ளிடவில்லையாம். பாதியில் மூடிவிட்டுப் போய்விடுகிறார்களாம். போகாமல் என்ன செய்வார்கள்? கடைக்கு வருகிறவரை உட்காரவைத்து 'விவரத்தைச் சொல்லவும்' என்று நான் கேட்டிருந்தால் இத்தனை வருஷமும் ஈ ஓட்டியிருப்பேன்.

"இத்த எங்கிட்ட குடு," என்றேன். "நாலு நாள்ல முடிச்சித் தரேன். உங்க ஆபீஸ் இன்ஜினியருங்க எல்லாம் ஓரமா நின்னு பாக்கட்டும்."

எனக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. கடிதம் எழுத வருகிறவருக்கு விஷயம் மனசில் இருக்கும், வாயில் வராது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முகம் இறுகிப்போகும். அப்போது நான் வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்வேன். வாடகைக்கு இருப்பவர் வந்தால், உங்கள் ஓனர் தங்கமான மனுஷன் போலிருக்கிறதே என்பேன். "அவரா?" என்று நிமிர்ந்து உட்காருவார். அப்புறம் இரண்டு பக்கத்துக்கு விஷயம் கொட்டும். லீவு லெட்டருக்கு வந்தவரிடம் அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்பேன். ஐயையோ, அதெல்லாம் இல்லக்கா, குலதெய்வம் கோயிலுக்குப் போகிறோம் என்று உண்மை வந்துவிடும். கேட்டால் சொல்லத் தெரியாதவர்கள்கூட தப்பைத் திருத்தாமல் இருக்க மாட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதே வித்தையை இருபது கடிதத்திலும் இறக்கினேன். வீட்டுச் சொந்தக்காரருக்கான கடிதத்தில், தாங்கள் எப்போது கூப்பிட்டாலும் ஓடி வந்து பழுது பார்ப்பவர் என்று எழுதினேன். விடுப்பு விண்ணப்பத்தில், எனக்கு அம்மை போட்டிருப்பதால் என்று எழுதினேன். மருமகள் தயங்கினாள். அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். எவனாவது விடுவானா, நாற்பது வருஷத்தில் ஒருத்தன் விட்டதில்லை என்றேன். அவள் என் பேச்சை நம்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சோதித்துப் பார்ப்பதற்காக ஆபீஸிலேயே சிலரை எழுதச் சொன்னார்கள். அதில் ஒருவருக்கு உண்மையிலேயே மறுநாள் லீவு தேவைப்பட்டது. ஒரே வேலையாகப் போகட்டும் என்று அதிலேயே எழுதி அனுப்பிவிட்டார். பெயரைப் போட்டார், தேதியைப் போட்டார். 'எனக்கு அம்மை போட்டிருப்பதால்' என்பதை மட்டும் தொடவில்லை. கடிதத்தைப் படித்த பிரிவுத் தலைவர் பதறிப்போய், அந்த மனிதரின் வரிசையில் உட்காருகிற அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலி மேஜையெல்லாம் மருந்து தெளிக்கச் சொன்னார். அம்மை போட்டவரோ மறுநாள் மச்சினி கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு நின்று போட்டோ போட்டிருந்தார்.

ஏன் மாற்றவில்லை என்று அவரைக் கேட்டார்களாம். கடிதம் அழகாக இருந்தது, அதில் கை வைக்க மனசு வரவில்லை, காரணம் என்று ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்தேன் என்றாராம். மற்ற கடிதங்களைப் பார்த்தால் அதே கதை. பாதிக்கு மேல் என் பொய்கள் அப்படியே நின்றன. வாயால் சொன்ன பொய்யை எல்லோரும் திருத்தினார்கள். அதுவே பளிச்சென்று அச்சு மாதிரி எழுத்தில் வந்ததும் மரியாதை கொடுத்துவிட்டார்கள். துண்டே சீட்டில் உட்கார்ந்து ஊருக்குப் போய்விட்டது.

இதெல்லாம் எனக்கு அன்றே தெரியாது. அவள் வந்து டிபன் பாக்ஸைக் கழுவினாள், பிள்ளைகளுக்குப் பாடம் பார்த்தாள், படுத்துவிட்டாள். மறுநாள் நானே குடைந்து கேட்டபோதுதான் வந்தது. சோதனைக் காலம் முடிய இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் இருபதும் சரியாக வந்தால் சரி, வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

"என் தப்புதான் அத்தை," என்றாள். "நான் முதல்லயே நாலு பேர்கிட்ட குடுத்துப் பாத்திருக்கணும்."

நீங்கள் எழுதியதுதானே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருப்பேன். அதை நினைத்து எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தை அம்மை போட்டவர் மேல் திருப்பினேன். படித்தவனுக்குப் படிக்கத் தெரியவில்லை, அதற்கு நாம் என்ன செய்வது என்று இரண்டு நாள் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்தபோது அவளும் கூட வந்தாள். ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். என்னைக் கண்காணிக்க வந்தாயா என்றேன். சும்மா அத்தை, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள்.

முதலில் வந்தது, பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்மணி. மாடி பாத்ரூமிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, ஓனருக்கு எழுத வேண்டும் என்றார். அதற்கு மேல் சொல்லத் தெரியாமல் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அடித்தேன். பதினைந்து நிமிஷத்தில் கடிதம் முடிந்தது. படித்துப் பார்த்துவிட்டு, நான் நினைச்சதெல்லாம் இதுல இருக்கே என்றார். எல்லோரும் சொல்வதுதான். அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக மதியம் வரை ஆள் வந்துகொண்டே இருந்தது. மருமகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். நான் அடிக்கும் கடிதத்தைத்தான் எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

கூட்டம் குறைந்ததும் நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

"அத்தை, காலையிலேர்ந்து ஒன்பது பேர் வந்தாங்க. நீங்க தப்பா சொல்லி வாயைக் கிளறினது ரெண்டே பேர்கிட்ட. மத்த ஏழு பேர்கிட்ட வெறும் கேள்விதான் கேட்டீங்க."

"நானா?"

படித்துக் காட்டினாள். 'என்னிக்கிலேர்ந்து ஒழுகுது? ஒழுகுறது உங்க தலைமேலயா, பாத்திரம் வைக்கிற எடத்துலயா? சொன்னதுக்கு ஓனரு இன்னா சொன்னாரு?' பக்கம் பக்கமாக என் கேள்விகள். என் வாயிலிருந்து வந்தவை என்று எனக்கே தெரியாது. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்? இத்தனை வருஷமும் என் திறமை அந்தப் பொய்யில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் ஏதோ சிரிப்புக்கு உதவியிருக்கிறது. மனுக்களை எழுதவைத்தது இந்தக் கேள்விகள்.

"லெட்டர் எப்பவும் போல லெட்டர் தமிழ்ல இருக்கட்டும்," என்றாள். "துண்டு மட்டும் நீங்க பேசற மாதிரி இருக்கட்டும். 'ஒழுகுறது உங்க தலைமேலயா'ன்னு எந்த மனுஷனும் ஓனருக்கு அனுப்ப மாட்டான். கண்ணுல பட்டதுமே அழிப்பான். அழிக்கிறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள பதில் சொல்லிடுவான்."

நோட்டில் இன்னும் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தேன். "இத்தத்தானே நான் மொதல்லேர்ந்து சொல்லிக்கினு கீறேன்," என்றேன்.

"ஆமா அத்தை," என்று நோட்டை மூடினாள். சிரிப்பை எங்கே ஒளித்தாள் என்று தெரியவில்லை.

அந்த இரண்டு வாரமும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. அவள் ஆபீஸிலிருந்து வந்ததும் உட்காருவோம். அவள் வாடகைக்காரராகவும், லீவு கேட்பவராகவும், பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிற அப்பாவாகவும் எதிரில் உட்காருவாள். நான் கேட்பேன், அவள் குறித்துக்கொள்வாள். பிறகு நறுக்க ஆரம்பிப்பாள். ஒரு துண்டுக்கு ஒரு கேள்விதான் என்றாள். எனக்கு ஒரே மூச்சில் நாலு கேட்டுத்தான் பழக்கம், அதனால் சண்டை. ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வி வேண்டாம் என்றாள். அதிலும் சண்டை போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. ஆனால் 'உங்க பையன் ஏன் வரல?' என்று அவள் எழுதியதை நான் வெட்டினேன். போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது, 'பையனுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டுப் பார் என்றேன். அதை அவள் பேசாமல் ஒப்புக்கொண்டாள். பக்கத்து வீடு, எதிர் வீடு என்று ஆட்களைப் பிடித்து வந்து எழுதச் சொல்லிப் பார்த்தோம். ஒரு துண்டுகூட கடிதத்தில் தங்கவில்லை.

துக்கம் விசாரிக்கும் கடிதத்தில்தான் மாட்டிக்கொண்டோம். அதை டைப் அடிக்க யாரும் கடைக்கு வருவதில்லை, என்னிடம் கேள்வி இல்லை. 'எப்படித் தவறிப்போனார்?' என்று போட்டுப் பார்த்தேன். அது இழவு வீட்டுக்காரர்களுக்கே தெரியுமே அத்தை, அவர்களிடம் போய் அதை ஏன் எழுத வேண்டும் என்றாள். இரண்டு நாள் அந்தக் கடிதம் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் அவள், "மாமா போனப்போ உங்களுக்கு வந்த லெட்டர்ல எது மனசுல நிக்குது?" என்று கேட்டாள்.

என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷமாகிறது. அப்போது வந்தவற்றில் பெரிய மனிதர்களின் கடிதங்களும் உண்டு. எதுவும் ஞாபகமில்லை. கடைக்குப் பேப்பர் கட்டு கொண்டுவந்து போடுகிறவர் ஒரு தபால் அட்டை போட்டிருந்தார். நான் எப்போது வந்தாலும் ஐயா முதலில் 'மோர் குடிச்சிட்டு அப்பறம் கட்டை இறக்கு' என்பார், இனி அதை யார் சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். அதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதைச் சொன்னபோதே கேள்வியும் வந்துவிட்டது. 'நீங்க அவரைப் பாக்கப் போனா, அவர் முதல்ல என்ன சொல்லுவார்?' மருமகள் அதை டைப் செய்தாள். பிறகு பால் பொங்குகிறதா பார்க்கிறேன் என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் என்னையும் ஆபீஸுக்குக் கூட்டிப்போனாள். எழுதியவரையே அழைத்து வருகிறேன் என்று தலைவரிடம் சொல்லியிருந்தாளாம். தி.நகரில் எடுத்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு திருமயிலையில் ரயில் ஏறினேன். வழியெல்லாம் அவள் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

தலைவர் ஒல்லியாக, தாடி நரைக்க ஆரம்பித்தவராக இருந்தார். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், அது நல்ல குணம். ஆனால் திரையில் நாலு கடிதத்தைத் தள்ளிப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது.

"ரொம்ப லோக்கலா இருக்கே," என்றார். "மார்க்கெட்ல நின்னு பேசற மாதிரி. ஒரு சாஃப்ட்வேர் இப்படி கேக்கலாமா?"

மார்க்கெட்டில் என்ன குறைச்சல் என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். மருமகள் என் மணிக்கட்டில் கை வைத்தாள். ஆறு மாதமாக அவரிடம் சரி சார், பார்க்கிறேன் சார் என்று மட்டுமே பேசியவள்.

"சார், நீங்களே ஒரு லெட்டர் எழுதுங்க," என்றாள். "சும்மா வேண்டாம். நிஜமா நீங்க எழுத வேண்டியது ஏதாவது இருக்கும்ல, அதை எழுதுங்க."

அவர் யோசித்தார். கொட்டிவாக்கத்தில் அவர் இருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுக் கிடக்கிறதாம். லிஃப்ட், மோட்டார் ரிப்பேருக்காகச் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தைத் திறந்தார். முதல் துண்டு, 'எத்தனை நாளா ஓடல?' என்று கேட்டது.

"ஆச்சு, மூணு வாரம்," என்றார் திரையைப் பார்த்து. சொல்லிவிட்டுத்தான் அடித்தார். நானும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் சிரித்திருப்போம்.

இரண்டாவது, 'சொன்னதுக்கு இன்னா சொன்னாங்க?' அதற்கும் வாய்விட்டே பதில் சொன்னார். செக்ரட்டரி பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். அதைக் கொஞ்சம் மரியாதையான தமிழாக்கி அடித்தார். மூன்றாவது, 'இதனால யாருக்கு ரொம்ப கஷ்டம்?'

கை நின்றுவிட்டது.

"அம்மாவுக்கு," என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. நாலாவது மாடி, அம்மாவுக்கு முட்டி வலி. தினமும் சாயங்காலம் கடற்கரையில் போய் உட்காருகிறவர், மூன்று வாரமாகக் கீழே இறங்கவில்லை. இதையெல்லாம் அடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். அடித்து முடித்து முழுக் கடிதத்தையும் ஒருமுறை படித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. செக்ரட்டரிக்கு இதற்கு முன் இரண்டு மெசேஜ் அனுப்பினேன், இரண்டிலும் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்த 'இன்னா'வை மட்டும் 'என்ன'ன்னு மாத்திடலாமாம்மா? மதுரையில இருக்கிறவங்களும் எழுதணும்."

"சரி, அவங்களும் பொழச்சிப் போகட்டும்," என்றேன்.

அடுத்து மருமகளைப் பார்த்து, அடுத்த மாதம் அரசாங்க மனுக்கள் முப்பது வருகின்றன, அவற்றையும் இதே மாதிரி செய்ய முடியுமா, உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார். இன்னும் எத்தனை இடத்தில் இவர் கை வைப்பாரோ என்று நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு உடனே புரியவில்லை. சோதனைக் காலம் மறுநாளோடு முடிகிறது, இவர் அடுத்த மாதத்து வேலையைப் பற்றிப் பேசுகிறார் என்பது, மேஜைக்கு அடியில் அவள் என் கையை நெரித்தபோதுதான் மண்டையில் ஏறியது. "முடியும் சார்," என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

திரும்பும்போது ரயிலில் என் மகனுக்கு போன் செய்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லும்போது அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவன் ஏதோ கேட்டான். அம்மா அங்கே வந்து யாரிடமும் வம்பு வளர்க்கவில்லையே என்றுதான் கேட்டிருப்பான், என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

"அத்தை இல்லாட்டி இது நடந்தே இருக்காதுங்க," என்றாள்.

எதிர் சீட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ரயிலில் சிக்னல் சரியாக இருக்காது, அவனுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல் என்றேன்.

சொன்னாள்.